மூக்கும் முழியுமா இருந்தாத்தான் பொண்ணா?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவை ஒட்டி, அய்யனார் கோவில் அடிவாரத் தோப்பில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



விடியும் முன்னாலே வீட்டு வேலையை முடித்து, ராஜபாளையத்தில் பஸ் ஏறி, நீர்காத்த அய்யனாரைக் கும்பிட்டு, ஆத்துல காலை நனைச்சிட்டு வந்து உட்கார்ந்திருக்கீங்க. வங்கிக் கடன், வட்டி, தணிக்கை எல்லாம் காலையிலேயே பேசி முடித்துவிட்டார்கள். எனக்குக் கொடுத்த தலைப்பு மூக்கு. தலைப்பைச் சொன்னதும் பின்வரிசையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. சிரிங்க, நல்லதுதான். முப்பது வருசம் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எத்தனையோ கூட்டத்தில் தடுப்பூசி, இரும்புச்சத்து மாத்திரை, குடும்பக் கட்டுப்பாடு என்று பேசியிருக்கிறேன். மூக்கைப் பற்றிப் பேசச் சொன்னது இதுதான் முதல் தடவை.

ஏன் இந்தத் தலைப்பு என்று சொல்லிவிடுகிறேன். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு குழுவில் உள்கடன் மனு ஒன்று வந்தது. தொகை 25,000 ரூபாய். காரணம் என்ற இடத்தில் ‘மகளின் மருத்துவச் செலவு’ என்று எழுதியிருந்தது. பிள்ளைக்கு என்ன நோய் என்று ஊக்குநர் கேட்டிருக்கிறார். அந்த அம்மா கொஞ்ச நேரம் வாயே திறக்கவில்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னாராம்: “ரெண்டு இடத்துல இருந்து பொண்ணு பார்த்துட்டுப் போனாங்க. பொண்ணு நல்லாத்தான் இருக்கு, மூக்குதான் சப்பைன்னு சொல்லிட்டாங்க. ஆபரேஷனே இல்லாம ஊசி போட்டு மூக்கை எடுப்பாக்கிடலாமாம். டவுன்ல ஒரு இடத்துல செய்றாங்களாம்.” குழுவில் சிலர் கொடுக்கலாம் என்றார்கள். சிலர் சிரித்தார்கள். முடிவெடுக்க முடியாமல் மனுவைத் தள்ளி வைத்துவிட்டு என்னிடம் வந்தார்கள். “நர்சம்மா, கத்தி வைக்காம மூக்கை மாத்த முடியுமா, முடியாதா? அதை மொதல்ல சொல்லுங்க, அப்புறம் தீர்மானம் போடுறோம்” என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. நம்ம பணம், நம்ம பிள்ளை. தெரிந்து கொண்டு தீர்மானம் போடுவதுதான் முறை.

எல்லாரும் அவங்கவங்க மூக்கைத் தொட்டுப் பாருங்க. இரண்டு கண்ணுக்கும் நடுவில் கெட்டியாக இருக்கிறது அல்லவா? அது எலும்பு. கீழே இறங்க இறங்க, விரலால் அசைத்தால் அசைகிறது. அது குருத்தெலும்பு. மூக்கின் மேல் மூன்றில் ஒரு பங்கு எலும்பு, கீழ் இரண்டு பங்கு குருத்தெலும்பு. உள்ளே நடுவில் ஒரு தட்டி நின்று, ஒரு மூக்கை இரண்டு துவாரமாகப் பிரிக்கிறது. இவற்றின் மேல் தோல் போர்த்தியிருக்கிறது. மூக்கு விடைக்கும்போது அசைகிற சின்னச் சின்னத் தசைகள் உண்டு. ஆனால் மூக்குக்கு உருவம் கொடுப்பது அந்தத் தசை கிடையாது.

இதைத் தெரிந்துகொண்டாலே பாதிப் பதில் கிடைத்துவிடும். ‘தினமும் பத்து நிமிசம் மூக்குப் பயிற்சி செய்தால் கூர்மையாகும்’ என்று போனில் வீடியோ வருகிறது. பயிற்சி தசையைத்தான் வளர்க்கும். எலும்பையும் குருத்தெலும்பையும் பயிற்சியால் செதுக்க முடியாது. எண்ணெய் தடவி நீவினாலும், ஐஸ் வைத்தாலும், இஞ்சிச் சாறு, பூண்டுச் சாறு என்று எதைப் பூசினாலும் அது தோலோடு நின்றுவிடும். தோல் எரிந்து புண்ணாவதுதான் மிச்சம்.

அடுத்து கிளிப். துணி காயப்போடும் கிளிப் மாதிரி பிளாஸ்டிக்கிலும் சிலிக்கானிலும் விற்கிறார்கள். தினமும் கொஞ்ச நேரம் மாட்டினால் மூக்கு ஒல்லியாகும் என்கிறார்கள். குருத்தெலும்புக்கு ஒரு குணம் உண்டு. பச்சை ஈர்க்கை வளைத்துப் பிடித்துவிட்டு விடுங்கள், பழையபடி நிமிர்ந்துகொள்ளும். அதே மாதிரிதான். கிளிப்பைக் கழற்றினதும் கொஞ்ச நேரம் அழுத்தின தடம் தெரியும், கண்ணாடியில் மாறின மாதிரி இருக்கும், பிறகு பழைய மூக்கு. ராத்திரி முழுக்க மாட்டிக்கொண்டு தூங்கினால் தோலுக்கு ரத்தம் போவது தடைப்பட்டுக் கன்றிப்போகும், மூச்சும் சரியாக விட முடியாது.

இங்கே ஒரு பெரியம்மா கை தூக்குறாங்க. என்ன கேட்கப் போறாங்கன்னு எனக்குத் தெரியும். “எங்க ஆத்தா பாம்படம் போட்டுக் காதைத் தோள் வரைக்கும் வளர்த்தாளே! காது வளர்ந்துச்சு, மூக்கு மட்டும் மாறாதா?” நல்ல கேள்வி. நம்ம விருதுநகர், திருநெல்வேலி, மதுரைப் பக்கம் பாம்படமும் தண்டட்டியும் போட்ட பாட்டிமாரை நம்மில் பல பேர் பார்த்திருக்கிறோம். சின்ன வயதிலேயே காது குத்தி, துளையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கி, கனத்தை ஏற்றி ஏற்றி வளர்த்தார்கள். ஆனால் வளர்ந்தது காதின் எந்த இடம்? கீழ்மடல் மட்டும்தான். அந்த மடலைத் தொட்டுப் பாருங்கள், மெத்தென்று இருக்கும். அங்கே குருத்தெலும்பே கிடையாது, தோலும் கொழுப்பும்தான். தோல் இழுத்தால் நீளும். மேல் காதை அப்படி யாரும் வளர்க்கவில்லை, வளர்க்கவும் முடியாது. மூக்கு முழுக்க அந்த மேல் காது மாதிரி. இன்னொன்றையும் ஞாபகப்படுத்துகிறேன். காலம் மாறி, கம்மல் போடுவது வழக்கமானதும், அந்த நீண்ட காதை அறுத்துத் தைத்துக் கொண்ட பெண்கள் எத்தனையோ பேர். ஒரு காலத்தில் அழகு என்று வளர்த்ததை இன்னொரு காலத்தில் அழகில்லை என்று வெட்டினோம். வலி இரண்டு தடவையும் பெண்ணுக்குத்தான்.

சரி, அப்படியானால் கத்தி இல்லாமல் மூக்கை மாற்றவே முடியாதா? முடியும். இரண்டு சமயத்தில் முடியும். இரண்டும் அழகுக்காகச் செய்வது கிடையாது. இரண்டிலும் நாள் தப்பினால் வாய்ப்பும் தப்பிவிடும். இன்றைக்கு நீங்கள் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டிய சேதி இதுதான்.

அய்யனார் கோவில்களுக்கு மண்குதிரையும் மண் உருவமும் செய்யும் வேளாரைப் பார்த்திருப்பீர்கள். மண் ஈரமாக இருக்கும்போது கட்டை விரலால் ஒரு அழுத்து அழுத்தினால் மூக்கு வந்துவிடும். சூளையில் வைத்துச் சுட்ட பிறகு அதே விரலால் என்ன செய்ய முடியும்? பிறந்த குழந்தையின் குருத்தெலும்பு அந்த ஈர மண் மாதிரி. தாயின் உடம்பில் இருந்து வந்த ஈஸ்ட்ரோஜன் என்கிற சுரப்பு பிள்ளையின் ரத்தத்தில் இருப்பதால் குருத்தெலும்பு இளகி இருக்கும். முதல் சில வாரத்தில் அந்தச் சுரப்பு குறையக் குறைய, குருத்தெலும்பும் இறுகிவிடும்.

உடனே சில பாட்டிமார் முகம் மலருது! “அதுக்குத்தானே நாங்க பிள்ளையைக் குளிப்பாட்டும்போது மூக்கை நீவி நீவி விடுறோம்” என்று. கொஞ்சம் பொறுங்க. பிரசவ வழியில் நெருக்கிக்கொண்டு வரும்போது பிள்ளையின் மூக்கு அமுங்கி இருக்கும். சில நாளில் தானாகவே நிமிர்ந்துவிடும். அது மட்டும் இல்லை. எல்லாக் குழந்தைக்கும் மூக்குத் தண்டு தாழ்ந்துதான் இருக்கும். பெண் பிள்ளைக்குப் பதினைந்து பதினாறு வயது வரையும், ஆண் பிள்ளைக்குப் பதினேழு பதினெட்டு வரையும் மூக்கு வளர்ந்துகொண்டே இருக்கும். நீவின பாட்டி வீட்டிலும் வளரும், நீவாத வீட்டிலும் வளரும். பேர் மட்டும் பாட்டிக்கு!

பாசத்தோடு மேலாக நீவினால் குற்றமில்லை. ஆனால் இரண்டு காரியம் கூடவே கூடாது. ஒன்று, மூக்கில் வாய் வைத்து ஊதுவது. நம் வாயில் இருக்கிற கிருமியெல்லாம் பச்சைப் பிள்ளைக்குப் போகும். இரண்டாவது, மூக்கில் எண்ணெய் விடுவது. பிறந்த குழந்தை பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடும். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் அது கரையாது, வெளியேயும் வராது. நிமோனியா வரும். தென்னிந்தியக் குழந்தைகளுக்கு இப்படி எண்ணெய் இறங்கி நுரையீரல் கெடுவதைப் பற்றி 1973-லேயே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் என்ற மருத்துவப் பத்திரிகையில் கட்டுரை வந்திருக்கிறது. ஐம்பது வருசம் தாண்டியும் நாம் எண்ணெய்க் கிண்ணத்தை ஒதுக்கி வைக்கவில்லை. மூக்கு எடுப்பாக வர வேண்டும் என்று மூச்சையே அடைக்கலாமா?

அப்படியானால் அந்த ஈர மண் யாருக்கு உதவும்? பிளவு உதட்டோடு பிறக்கும் பிள்ளைக்கு. மேல் உதடு பிளந்து, சிலருக்கு மேலண்ணமும் பிளந்து, அந்தப் பக்கத்து மூக்கு தட்டையாகச் சரிந்து இருக்கும். உலக அளவில் சுமார் 700 பிறப்புக்கு ஒன்று என்ற கணக்கில் இப்படிப் பிறக்கிறார்கள். இந்தப் பிள்ளைகளுக்கு, பிறந்த முதல் சில வாரத்திலேயே வாய்க்குள் அச்செடுத்து ஒரு சின்னத் தட்டு செய்து பொருத்துகிறார்கள். பிளந்த ஈறுகள் நெருங்கி வர வர, தட்டில் இருந்து மூக்குத் துவாரத்துக்குள் ஒரு சின்னக் கொம்பு வைத்து, சரிந்த மூக்கை உள்ளிருந்து மெல்லத் தூக்கி நிறுத்துகிறார்கள். வாரா வாரம் கொண்டுபோனால் கொஞ்சம் கொஞ்சமாகச் சரி செய்வார்கள். நியூயார்க்கில் கிரேசன், கட்டிங் என்ற இரண்டு மருத்துவர்கள் 1990-களில் இந்த முறையைக் கொண்டுவந்தார்கள். நம் நாட்டிலும் செய்கிறார்கள். அதன் பிறகு உதட்டைத் தைக்கும் ஆபரேஷன் கட்டாயம் உண்டு, சுமார் மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள். அண்ணப் பிளவுக்கு ஒன்றரை வயதுக்குள். ஆனால் மூக்கை முன்கூட்டியே நிமிர்த்தி வைத்தால் தையலும் சுலபம், முகமும் நன்றாக வரும். மூன்று மாதம் கழித்துத் தூக்கிக்கொண்டு போனால் அந்தத் தட்டு முன்னைப்போலப் பலன் தராது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம்ம ஊரில் அந்த முதல் வாரங்கள்தான் வீணாகப் போகின்றன. மலையடிவாரத்து ஊர் ஒன்றில் நான் வேலை பார்த்தபோது இப்படி ஒரு பெண் குழந்தை பிறந்தது. வீட்டில் ஒரே சண்டை. “கிரகணத்தன்னைக்கு வெளியே வராதேன்னு சொன்னேன், கேட்டாளா?” என்று மாமியார். மருமகள் பிள்ளையைச் சேலையால் மூடி வைத்துக்கொண்டு யாருக்கும் காட்டவில்லை. நாற்பது நாள் தீட்டுக் கழியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று முடிவு. நான் அந்த மாமியாரிடம் ஒரு கணக்குக் கேட்டேன். “கிரகணம் வந்தப்ப மருமகளுக்கு எத்தனாவது மாசம்?” “ஏழு.” “மதினி, வயித்துல பிள்ளைக்கு உதடு கூடுறது நாலாவது வாரத்துல இருந்து ஏழாவது வாரத்துக்குள்ள. அண்ணம் கூடுறது ஒன்பதாவது வாரத்துக்குள்ள. ஏழாவது மாசத்துல சூரியனை எது மறைச்சா என்ன? அதுக்கு முன்னாடியே எல்லாம் முடிஞ்சு போச்சு.” அவர் கொஞ்ச நேரம் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். அதற்கப்புறம் கிரகணப் பேச்சு வரவில்லை. மறுநாள் அவரே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார்.

பிளவு ஏன் வருகிறது? பரம்பரைக் கூறும் வேறு பல காரணங்களும் சேர்ந்து வருவது. கர்ப்பத்தில் புகை, கர்ப்பத்துக்கு முன்பே இருக்கும் சர்க்கரை நோய், வலிப்புக்குச் சாப்பிடும் சில மாத்திரைகள் ஆகியவை வாய்ப்பைக் கூட்டும். வலிப்பு மாத்திரை சாப்பிடும் பெண்கள் பிள்ளை பெற நினைக்கும்போதே டாக்டரிடம் சொல்ல வேண்டும். தானாக மாத்திரையை நிறுத்திவிடவும் கூடாது. எப்படிப் பார்த்தாலும் தாயின் குற்றம் என்று ஒன்று இதில் இல்லை.

அண்ணம் பிளந்த பிள்ளையால் உறிஞ்சிக் குடிக்க முடியாது. பால் மூக்கு வழியாக வரும். பயந்து பாலை நிறுத்திவிடாதீர்கள். தாய்ப்பாலைப் பீய்ச்சி, பிள்ளையை நிமிர்த்திப் பிடித்து, பாலாடையால் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்ட வேண்டும். எடை ஏறினால்தான் ஆபரேஷன் செய்ய முடியும். சுமார் பத்து வாரம் வயது, நாலரைக் கிலோ எடை, ரத்தத்தில் ஹீமோகுளோபின் 10 என்று டாக்டர்கள் ஒரு பழைய கணக்கு வைத்திருக்கிறார்கள்.

செலவுக்குப் பயப்பட வேண்டாம். 2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வஸ்தய காரியக்கிரமம், அதாவது தேசியச் சிறார் நலத் திட்டத்தில், பிறந்ததிலிருந்து 18 வயது வரை பரிசோதனை உண்டு. அங்கன்வாடிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வேனில் டாக்டர் வருகிறாரே, அந்தத் திட்டம்தான். பிளவு உதடும் அண்ணமும் அதன் பட்டியலில் இருக்கிறது, சிகிச்சைக்குப் பணம் இல்லை. 1999-இல் தொடங்கிய ஸ்மைல் டிரெயின் என்ற தொண்டு நிறுவனமும் பல ஆஸ்பத்திரிகள் வழியாக இலவசமாகச் செய்து தருகிறது. எங்கே போவது என்று தெரியாவிட்டால் உங்கள் ஊர் நர்சிடம் சொல்லுங்கள், அல்லது 104-க்குப் போன் போடுங்கள்.

இரண்டாவது சமயம், மூக்கு உடையும்போது. பைக்கில் இருந்து விழுந்தோ, பந்து பட்டோ, இதையும் மறைக்காமல் சொல்கிறேன், வீட்டில் அடி வாங்கியோ மூக்கெலும்பு உடைந்து ஒரு பக்கம் கோணிப்போனால், அதைக் கத்தி வைக்காமலேயே மரத்துப்போக மருந்து கொடுத்து டாக்டர் நேராக நிமிர்த்திவிடலாம். ஆனால் பெரியவர்களுக்கு இரண்டு வாரத்துக்குள், பிள்ளைகளுக்கு ஒரு வாரத்துக்குள் செய்ய வேண்டும். எலும்பு கோணலாகவே கூடிவிட்டால் பிறகு ஆபரேஷன்தான். ‘வீக்கம் வடியட்டும்’ என்று மஞ்சள் பத்துப் போட்டுக்கொண்டு மாதக்கணக்கில் இருந்துவிடாதீர்கள்.

அதிலும் பிள்ளைகளுக்கு அடிபட்டு, மூக்கு இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டு, உள்ளே செவசெவன்னு உப்பி இருந்தால், நடுத் தட்டியில் ரத்தம் கட்டியிருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்ட வேண்டும். விட்டால் ரத்த ஓட்டம் கிடைக்காமல் குருத்தெலும்பு செத்து, மூக்குத் தண்டு குழிந்துபோகும். வீட்டில் அடி வாங்கிய மூக்காக இருந்தால் ஆஸ்பத்திரிக்கும் போங்க, 181-க்கும் போன் போடுங்க. அது பெண்கள் உதவி எண்.

இப்போது அந்தக் கடன் மனுவுக்கு வருகிறேன். ‘ஆபரேஷன் இல்லாத மூக்கு’ என்று விளம்பரம் செய்வது பெரும்பாலும் ஃபில்லர் என்கிற ஊசிதான். ஹையலூரானிக் அமிலம் என்ற கூழ் மாதிரி மருந்தை மூக்குத் தண்டில் ஏற்றுவார்கள். பள்ளம் நிரம்பி, தண்டு உயர்ந்த மாதிரி தெரியும். பொய் சொல்லக் கூடாது, தெரியத்தான் செய்யும். ஆனால் மூன்று விசயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். முதலாவது, அது நிரப்பும், குறைக்காது. அகலமான மூக்கை ஒல்லியாக்க அதனால் ஆகாது. இரண்டாவது, நிலைக்காது. ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வருசத்துக்குள் கரைந்துவிடும், மறுபடியும் காசு கட்ட வேண்டும். 25,000 கடனை அடைத்து முடிப்பதற்குள் மூக்கு பழையபடி ஆகிவிடலாம். மூன்றாவது, முகத்தில் ஊசி போட அபாயமான இடங்களில் மூக்கும் ஒன்று. அங்கே ஓடும் ரத்தக் குழாய் கண்ணுக்குப் போகும் குழாயோடு சேர்ந்தது. மருந்து தவறிக் குழாய்க்குள் போனால் மூக்குத் தோல் கறுத்து அழுகலாம், கண் பார்வையே போகலாம். உலகத்தில் பல இடத்தில் அப்படிப் பார்வை போயிருக்கிறது. படித்த தோல் மருத்துவரோ பிளாஸ்டிக் சர்ஜனோ போட்டாலும் இந்த அபாயம் முழுக்க நீங்காது. பார்லரில் போட்டால்? மருந்தைக் கரைக்கும் மாற்று ஊசியும் அங்கே இருக்காது, அதைப் போடத் தெரிந்த கையும் இருக்காது.

நிரந்தரமாக மாற்ற வேண்டும் என்றால் ஆபரேஷன்தான். அது நம் நாட்டுக்குப் புதிதும் இல்லை. நெற்றித் தோலை எடுத்து மூக்கு செய்யும் வித்தை நம் நாட்டில் இருந்துதான் வெள்ளைக்காரன் நாட்டுக்குப் போனது. 1792-இல் நடந்த மைசூர்ப் போரில் ஆங்கிலப் படைக்கு மாட்டு வண்டி ஓட்டிய காவஸ்ஜி என்பவர், திப்பு சுல்தான் படையிடம் பிடிபட்டு மூக்கறுக்கப்பட்டார். புனே பக்கத்தில் செங்கல் செய்யும் சாதியைச் சேர்ந்த ஒருவர், அவர் நெற்றித் தோலை மடக்கி மூக்கு வைத்துத் தைத்தார். அதைப் பார்த்த ஆங்கிலேய மருத்துவர்கள் மூலம் செய்தி பரவி, 1794 அக்டோபரில் லண்டன் பத்திரிகை ஒன்றில் படத்தோடு வந்தது. அதைப் படித்த கார்ப்பியூ என்ற மருத்துவர் 1814-இல் லண்டனில் அதே மாதிரி செய்து காட்டினார். பள்ளிக்கூடத்துக்குப் போகாத கை செய்த வேலை, உலகத்துக்கே பாடமானது. விபத்திலோ தீயிலோ நாய்க்கடியிலோ மூக்கு சிதைந்தவர்களுக்கு இன்றைக்கு மதுரை ராஜாஜி அரசு மருத்துவமனையில் பிளாஸ்டிக் சர்ஜரிப் பிரிவு இருக்கிறது. அங்கே தைத்த காயத்தின் மேல் சுற்றுகிற துணி, நம்ம சத்திரப்பட்டியில் நெய்த பேண்டேஜாகக் கூட இருக்கலாம்!

அழகுக்காக ஒருத்தி ஆபரேஷன் செய்துகொள்ளலாமா என்றால், வளர்ச்சி முடிந்த வயதில், நல்லது கெட்டது தெரிந்து, அவளாக விரும்பினால், அது அவள் உடம்பு, அவள் முடிவு. மாப்பிள்ளை வீட்டார் சொன்னதற்காகச் செய்வது வேறு கணக்கு. இன்றைக்கு மூக்கு என்பார்கள். நாளைக்கு நிறம் என்பார்கள். நாளன்னைக்குப் பல்.

பெண் பிள்ளைகளுக்கு இன்னொன்றும் சொல்லிக் கொடுங்கள். பிள்ளைகள் தங்கள் மூக்கைக் கண்ணாடியில் பார்த்து வெறுப்பதை விடப் போனில் பார்த்து வெறுப்பதுதான் இப்போது அதிகம். அமெரிக்காவில் ரட்கர்ஸ் பல்கலைக்கழக மருத்துவர் ஒருவரும் அவரோடு சேர்ந்தவர்களும் 2018-இல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்: ஒரு அடி தூரத்தில் போனை வைத்து செல்ஃபி எடுத்தால், ஐந்து அடி தூரத்தில் எடுத்த படத்தை விட மூக்கு ஏறக்குறைய 30 சதவீதம் அகலமாகத் தெரியும். கேமராவுக்குப் பக்கத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான். கல்யாணத் தரகருக்குப் படம் அனுப்பும்போது செல்ஃபி அனுப்பாதீர்கள். இரண்டு எட்டுத் தள்ளி நின்று வேறொருவரை எடுக்கச் சொல்லுங்கள். கிளிப்புக்குச் செலவழிக்காமல் மூக்கு சின்னதாகிவிடும்!

கடைசியாக, நாம் பேசுகிற பேச்சு. ‘எள்ளுப்பூ நாசி’ என்று கவிராயர்கள் வர்ணித்தார்கள். நம்ம வீட்டில் ‘மூக்கும் முழியுமா இருக்கா’ என்கிறோம். அதே வாயால் ‘சப்பை மூக்கி’ என்று பேர் வைக்கிறோம். மாப்பிள்ளை வீட்டார் ரெண்டு பேர் ஒரு நாள் சொன்னது அந்தப் பிள்ளையை இவ்வளவு வாட்டியது என்றால், அதற்கு முன்னால் இருபது வருசம் நாம் செல்லமாகக் கூப்பிட்டது என்ன செய்திருக்கும்? அந்த அம்மா கடன் கேட்டதைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கும் இதைச் சொல்கிறேன். மகள் மனசு நொந்து கிடப்பதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் ஒரு தாய் கை நீட்டினாள். அவள் கேட்டதில் தப்பில்லை. ஊசிக் கம்பெனி சொன்னதில்தான் பாதி மறைத்திருக்கிறது.

ஆகவே கூட்டமைப்பின் முன் நான்கு கோரிக்கை வைக்கிறேன். ஒன்று, அழகு ஊசி, கிளிப், கிரீம் போன்றவற்றுக்கு உள்கடன் மனு வந்தால், மனுதாரரும் மகளும் முதலில் அரசு மருத்துவமனை டாக்டர் ஒருவரிடம் பேசிவிட்டு வரட்டும் என்று தீர்மான நோட்டில் எழுதுங்கள். இரண்டு, பிளவு உதட்டோடு ஒரு பிள்ளை பிறந்தால், அந்த ஊர்க் குழு ஒரு வாரத்துக்குள் அந்த வீட்டுக்குப் போக வேண்டும். நாற்பது நாள் காத்திருக்கக் கூடாது. மூன்று, பஸ் செலவுக்கும், கூடப் போகும் ஆளுக்கு ஒரு நாள் கூலிக்கும் அந்தக் குடும்பத்துக்கு வட்டியில்லாமல் கைமாற்று கொடுங்கள். சிகிச்சை இலவசம்தான். வாரா வாரம் போய் வருகிற செலவுதான் ஏழையை வழியிலேயே நிறுத்திவிடும். நான்கு, பிள்ளை மூக்கில் எண்ணெய் விடுவதில்லை என்று ஒவ்வொரு குழுவும் முடிவெடுங்கள். பாட்டிமார்தான் இதற்குத் தலைமை தாங்க வேண்டும்.

அந்தப் பிள்ளையும் இன்றைக்கு இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கிறாள். யார் என்று திரும்பிப் பார்க்காதீர்கள். பி.காம். முடித்திருக்கிறாள். அவள் எழுதின கணக்கைத்தான் காலையில் பொருளாளர் வாசித்தார், நீங்கள் எல்லாரும் கை தட்டினீர்கள்.

 சாப்பாடு தயாராக இருக்கிறது. சாப்பிட்ட பிளாஸ்டிக் எதையும் இந்தக் காட்டில் போட்டுவிடாமல் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.